வேர்ச்சுவல்பொக்ஸ் திறந்த மூல மென்பொருளா, இல்லையா?

சுன்னாகத்தான்:
“வேர்ச்சுவல்பொக்ஸ் திறந்த மூல மென்பொருளே அல்ல, மாணவர்கள் அதைத் தொடவே கூடாது” என்று நல்லூரான் நேற்று எழுதியதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் நிரல் அது. இனோடெக் நிறுவனம் 2007இல், மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடுகின்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்ட அந்த நிரல், சன் நிறுவனத்தின் வழியாக 2010இல் ஒரக்கிளின் கைக்குப் போன பின்னரும் ஜிபிஎல் உரிமத்திலேயே இருக்கிறது. கூடுதல் வசதிகளைத் தரும் தனிப் பொதியான எக்ஸ்டென்சன் பாக்குக்கு மட்டுமே வேறு உரிமம்.

நல்லூரான்:
நான் சொல்வதும் அந்த எக்ஸ்டென்சன் பாக்கைத்தான். அது இல்லாமல் யூஎஸ்பி 3 பென்டிரைவ் வேலை செய்யாது; கடையிலோ அலுவலகத்திலோ போட்டால் ஒரக்கிளுக்குக் காசு கட்ட வேண்டும். அதே வேலையைச் செய்யும் கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுடனேயே வருகிறது, யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

சுன்னாகத்தான்:
யூஎஸ்பி 2, 3 ஆதரவு 2022இல் வெளியான 7.0 பதிப்பிலேயே அடிப்படைப் பொதிக்குள் வந்துவிட்டது. பழைய பதிப்பின் குறையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். நீங்கள் புகழும் கேவிஎம்மில் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் வட்டு வகையைத் தெரிவுசெய்து விண்டோஸ் 10 நிறுவப் போனால், வட்டு எதுவும் இல்லை என்று நிறுவல் நிரல் சொல்லும். டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை (சீடியின் நகலை) இரண்டாவது சீடியாக இணைத்து, அதிலிருந்து டிரைவரை ஏற்றினால்தான் வட்டு தெரியும். முதன்முதலாகத் தொடுகின்ற பிள்ளைக்கு இது யார் சொல்லிக் கொடுப்பது?

பருத்தித்துறையாள்:
அண்ணைமார், உயர்தர மாணவரிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி. கணினி தொடங்கும்போது ஓடும் பயோஸில், இன்டெல் செயலியின் மெய்நிகராக்க வசதியான விரி-எக்ஸ் அணைந்து கிடந்தால் நீங்கள் சொல்கின்ற இரண்டுமே ஒழுங்காக ஓடாது. முதலில் அதைப் பற்றி எழுதுங்கள்.

நல்லூரான்:
அதைப் பிறகு பார்க்கலாம், தங்கச்சி. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு வேர்ச்சுவல்பொக்ஸை முதன்மைப் பிரிவில் வைக்காமல், அப்பிரிவுக்கு வெளியிலுள்ளவற்றை நம்பியிருக்கும் நிரல்களுக்கான கொன்ட்ரிப் பிரிவில் ஒதுக்கியது ஏன்? சுன்னாகத்தார் பதில் சொல்லட்டும். லிப்ரெஒபிஸ் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினார்.

சுன்னாகத்தான்:
லிப்ரெஒபிஸ் விவாதத்தில் நழுவியது நானல்ல, நீங்கள். வேர்ச்சுவல்பொக்ஸ் தனக்குள் வைத்திருக்கும் பயோஸை மூல நிரலிலிருந்து இயங்கும் நிரலாகத் தொகுக்க ஓப்பன் வாட்கொம் என்ற தொகுப்பி தேவை. அந்தத் தொகுப்பியின் உரிமத்தை, திறந்த மூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு ஏற்றது, டெபியன் ஏற்கவில்லை. அதற்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் நிரலின் உரிமத்துக்கும் என்ன தொடர்பு?

நல்லூரான்:
தொகுக்கவே பிறர் தயவு வேண்டிய ஒன்றைத் திறந்த மூலம் என்று நான் ஏற்கமாட்டேன். லினக்ஸ் 6.12இல் கேவிஎம் ஏற்றப்பட்டிருந்தால் வேர்ச்சுவல்பொக்ஸ் இயந்திரம் தொடங்கவே மறுக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். எக்ஸ்டென்சன் பாக் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது.

சுன்னாகத்தான்:
கருவில் ஏற்றியிருக்கும் கேவிஎம் மொடியூலை அகற்றிவிட்டால் தொடங்கும். எக்ஸ்டென்சன் பாக்கை ஒருபுறம் வையுங்கள். அடிப்படைப் பொதியில் மூல நிரல் தரப்படாத ஒரு கோப்பையாவது பெயர் சொல்லிக் காட்டுங்கள்.