கீரைச் சட்டிக்கு மூடி வேண்டாம்

நான், காலை 8:05
அனைவருக்கும் வணக்கம். மாமாவுக்குக் காய்ச்சல் நன்றாக விட்டுவிட்டது. மாத்திரைகளின் கசப்பு மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. கஞ்சியும் ரசமும் அலுத்துப்போய், மதியச் சோற்றுக்குக் கொஞ்சம் கீரை செய்து தர முடியுமா என்று காலையிலேயே கேட்டார். தெருவில் வந்த கீரைக்கார அம்மாவிடம் அரைக்கீரை இரண்டு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இதைத் துவட்டுவதா, கடைவதா என்று சொல்லுங்கள். கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை, படம் அனுப்புகிறேன்.

பெரியம்மா, காலை 8:11
அம்மாடி, சம்பந்தி வாய்விட்டுக் கீரை கேட்டார் என்பதே நல்ல செய்தி. துவட்டலே செய். இத்தனை நாளும் குழைந்ததையே விழுங்கியவருக்கு, பல்லில் மெல்லக் கிடைக்கும் இலையும், எண்ணெயில் சிவந்த உளுந்தம்பருப்பும், தட்டிப் போட்ட பூண்டின் மணமும்தான் சோற்றின் மேல் ஆசையை வரவழைக்கும். கீரைக்குத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, சட்டியை மூடவும் கூடாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள், மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

சோழவந்தான் அத்தை, காலை 8:16
மதினி சொல்வதை மறுப்பதாக நினைக்க வேண்டாம். ஆனாலும் நோயிலிருந்து எழுந்தவருக்குக் கடைசல்தான் வயிற்றுக்கு இதம் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் உட்புறம் வரிவரியாகக் கீறிய மானாமதுரை மண்சட்டியில், வெந்த கீரையுடன் பூண்டும் சீரகமும் சேர்த்து மத்தால் கடைந்துதான் கொடுப்போம். மிக்ஸியில் அரைத்தால் அது பசையாகிவிடும். மத்தால் கடைந்தால்தான் இலை மசிந்தும் மசியாமலும் இருந்து, சோற்றோடு பிசையும்போது தனிச் சுவை கொடுக்கும்.

பெரியம்மா, காலை 8:20
நீ சொல்வது சிறுகீரைக்கும் முளைக்கீரைக்கும் முழுக்கப் பொருந்தும். அவை தண்டு முதல் நுனி வரை குழைந்து கொடுக்கும். அரைக்கீரையைக் கடையலாம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் இலையில் இயல்பாகவே ஒரு கெட்டித்தன்மை இருப்பதால், வதக்கினாலும் துவண்டு கரையாமல் உதிரியாக நிற்கும். அந்தக் குணத்தை விட்டுவிட்டு அதையும் கூழாக்குவானேன்? அவர் கேட்டிருப்பதும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தானே?

மேலூர் சித்தப்பா, காலை 8:27
மதினி, அக்கா, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரைக்கீரையை நாங்கள் வேரோடு பிடுங்குவதில்லை; அடிக்கட்டையை நிலத்திலேயே விட்டுவிட்டு அறுத்தால் மறுபடியும் மறுபடியும் துளிர்க்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் அப்படியல்ல, பெரும்பாலும் வேரோடுதான் சந்தைக்கு வரும். பல அறுப்புக் கண்ட பாத்தியில் தண்டு முற்றத் தொடங்கும், நுனிகளில் பூங்கொத்தும் தெரியும். உன் கட்டில் பூ அதிகம் தெரியவில்லை, எனவே இளங்கீரைதான். தண்டை விரலால் ஒடித்துப் பார். நார் இழுக்காமல் சட்டென்று ஒடிகிற இடம் வரைக்கும் சமையலுக்கு ஆகும், அதற்குக் கீழே உள்ளதை ஒதுக்கிவிடு. இலையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்த இலையால் ஒரு கெடுதலும் இல்லை; பூச்சி முட்டை ஒட்டியிருக்கும் இலையை மட்டும் எடுத்துவிடலாம்.

மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்கு நான் கீரை கொண்டுபோகும் நாள்களில் பலரும் பெரிய இலையைத்தான் தேடி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாக 1999 நவம்பர் 14 அன்று அது திறக்கப்பட்ட காலத்திலிருந்து வருகிற பழைய வாடிக்கையாளர்கள் சிலர் மட்டும் இலையைப் பார்க்காமல் தண்டை ஒடித்துப் பார்த்து வாங்குவார்கள். அவர்களுக்குத்தான் கீரை தெரியும் என்பேன்.

நான், காலை 8:31
மிக்க நன்றி சித்தப்பா. கழுவுவது நறுக்குவதற்கு முன்பா, பின்பா?

மேலூர் சித்தப்பா, காலை 8:34
முன்புதான். நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போவதுடன் நறுக்கிய இலை நீரைப் பிடித்துக்கொண்டு சட்டியில் சொதசொதவென்று ஆகிவிடும். கீரை தரையை ஒட்டி வளர்வது. நீர் பாய்ச்சும்போதும் மழை அடிக்கும்போதும் மண் தெறித்து இலையின் அடியில் ஒட்டியிருக்கும். அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, கீரையை அதில் முக்கி அலசிச் சற்று நேரம் அசைக்காமல் விடு. மண் அடியில் தங்கியபின் கீரையைக் கைகளால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு சாய்த்து வடித்தால் தங்கிய மண் மறுபடியும் இலையின் மேலேயே வந்து விழும். பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்த்து, ஒரு மணலும் நெருடாத வரைக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. எண்ணெயும் தேங்காயும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாயில் ஒரு மணல் கடிபட்டால் நோயாளி தட்டைத் தள்ளிவிடுவார்.

அக்கா, காலை 8:45
பணி மாறி இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். மாமா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் அகத்திக்கீரை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மருந்து எடுக்கும் காலத்தில் அகத்தியை விலக்குவது சித்த மருத்துவ வழக்கம், நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். அரைக்கீரையில் தடையில்லை. இறக்கியபின் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடு. கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையின் வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக ஏற்கும். உண்டவுடன் காபியோ தேநீரோ கொடுத்தால் அந்தப் பயன் குறைந்துவிடும், ஒரு மணி நேரமாவது கழியட்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால், ஆக்ஸலேட் மிகுந்த கீரைகளை அடிக்கடி சமைக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் குழுவில் மற்றவர்களும் படிக்கிறார்கள் அல்லவா?

நான், காலை 8:52
எலுமிச்சையை ஏன் இறக்கியபின் விட வேண்டும்? வதக்கும்போதே விடக் கூடாதா?

தம்பி, காலை 8:58
இதை நான் சொல்கிறேன் அக்கா. மாணவர்களுக்கு இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் கீரைச் சட்டியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் அமிலம் பட்டால் அந்த மக்னீசியம் வெளியேறி, அதன் இடத்தை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்கிறது. உடனே பச்சை மங்கிப் பழுப்பேறிய நிறம் வந்துவிடும். அதனால்தான் எலுமிச்சை கடைசியில். இலைக்குள்ளேயும் இயல்பாக அமிலங்கள் இருக்கின்றன. வேகும்போது அவற்றில் ஒரு பகுதி ஆவியோடு மேலே கிளம்பும். சட்டியை மூடினால் அந்த ஆவி மூடியில் பட்டு நீராகி மறுபடியும் கீரை மேலேயே சொட்டும். பெரியம்மா மூடி வேண்டாம் என்று சொல்வதற்கு வேதியியலும் சாட்சி சொல்கிறது.

நிறம் நிற்பதற்காக ஆப்பசோடா போடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பச்சை நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் இலை கொழகொழவென்று ஆகிவிடும், தயமின் என்னும் வைட்டமின் பி1 சத்தும் அழிந்துவிடும். நோயிலிருந்து தேறுபவருக்கு அந்த நிறம் தேவையே இல்லை.

பெரியம்மா, காலை 9:10
நன்றாகச் சொன்னாய் ராசா. இப்போது செய்முறையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அலசிய கீரையை மூங்கில் கூடையிலோ துளையுள்ள தட்டிலோ நீர் வடியப் பரப்பி வை. வடிவதற்குள் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை மலர வேகவைத்துக்கொள். குழைய விடாதே, விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், தானாக உடையக் கூடாது. கீரையில் தண்டை வேறாகவும் இலையை வேறாகவும் நறுக்கி வை. தண்டு வேக அதிக நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் தண்டு வேகும்போது இலை சோர்ந்துவிடும். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஏழெட்டுப் பல், மிளகாய் வற்றல் இரண்டு போதும்.

இரும்பு வடச்சட்டியில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு வெடித்ததும் உளுந்தம்பருப்பைப் போட்டுச் சிவக்க விடு. பிறகு மிளகாய் வற்றல், தட்டிய பூண்டு, வெங்காயம். வெங்காயம் கண்ணாடி நிறத்துக்கு வந்ததும் முதலில் தண்டு, அது பாதி வெந்ததும் இலை. உப்பை இப்போது போடாதே. சட்டி நிறைய மலைபோல் தெரியும் கீரை சிறிது நேரத்தில் ஒரு கைப்பிடியாக அடங்கிவிடும். மலைக்குப் போடும் உப்பு கைப்பிடிக்கு ஆகாது. அடங்கியபின் உப்பு, அதற்குப்பின் பாசிப்பருப்பு, இறக்கும்போது தேங்காய்த் துருவல். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடு. இரும்புச் சட்டியிலேயே விட்டுவைத்தால் கீரை கறுத்துப்போகும்.

சோழவந்தான் அத்தை, காலை 9:14
தேங்காயைக் கடைசியில், நெருப்பை அணைத்தபின் சேர்ப்பதே மேல். எங்கள் ஊர்த் தேங்காய்க்கு அந்தச் சூடே போதும். அதிகம் வதங்கினால் இனிப்பு போய் எண்ணெய் வாடை வந்துவிடும். மிளகாய் வற்றலை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டால் கசந்த வாய்க்கு இன்னும் நன்றாக இருக்கும்.

பெரியம்மா, காலை 9:16
மிளகு சரியான யோசனை. அப்படியே செய்யட்டும்.

நான், பகல் 12:08
பெரியம்மா, தண்டு வதங்கி, இலையையும் போட்டாயிற்று. நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை, ஆனாலும் சட்டியின் அடியில் நீர் ஊறி நிற்கிறது. வடித்துவிடட்டுமா?

பெரியம்மா, பகல் 12:09
வடிக்காதே! அது கீரையின் சொந்த நீர், அதன் சுவை முழுவதும் அதில்தான் இருக்கிறது. தீயைக் கூட்டி, கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிவிடு, அழுத்திக் கிண்டாதே. இப்போது சளசளவென்று கேட்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, எண்ணெய் பொரிகிற சத்தம் சடசடவென்று கேட்கத் தொடங்கும். அந்தச் சத்தம் மாறும் நேரம்தான் உப்புக்கும் பருப்புக்கும் நேரம். கண்ணைவிடக் காதை நம்பு.

நான், பகல் 12:17
நீங்கள் சொன்னபடியே சத்தம் மாறியது. உப்பும் பருப்பும் சேர்த்து, அடுப்பை அணைத்துத் தேங்காய் போட்டு, எலுமிச்சையும் விட்டுவிட்டேன். நிறம் கரும்பச்சையாக, இலை இலையாக உதிர்ந்து நிற்கிறது. படம் பாருங்கள்.

தம்பி, பகல் 12:19
அந்தப் பச்சையைப் பார்த்தாலே மூடி போடவில்லை என்று தெரிகிறது.

நான், பகல் 1:25
மாமா ரசஞ்சோற்றோடு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பூண்டை மட்டும் தனியே தேடி எடுத்துச் சாப்பிட்டார் என்று மாமியார் உங்கள் எல்லோரிடமும் சொல்லச் சொன்னார்கள். ஒரு கிண்ணம் மீதம் இருக்கிறது. இரவுக்குச் சூடாக்கிக் கொடுக்கலாமா?

அக்கா, பகல் 1:31
வேண்டாம். சமைத்த கீரையை வெளியே பல மணி நேரம் வைத்தால், அதில் இயல்பாக உள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றிவிடும். உடல் தேறுபவருக்கு அந்தச் சோதனை எதற்கு? மீதத்தை நீங்கள் இப்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

பெரியம்மா, பகல் 1:36
இரவில் கீரை சேர்ப்பது நம் வீட்டு வழக்கமும் இல்லை. அளவாகச் செய்து பகலிலேயே தீர்த்துவிடுவதுதான் முறை. வாய்ப்புண் ஏதும் இருந்தால் நாளைக்கு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்து கொடு, ஆறும்.

நான், பகல் 1:40
வாய்ப்புண் இல்லை பெரியம்மா. பக்கத்து வீட்டு அம்மா முருங்கைக் கொத்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் இதே முறைதானா?

பெரியம்மா, பகல் 1:48
முருங்கை வேறு குணம். இலையில் ஈரம் குறைவு என்பதால் அதற்கு மட்டும் இரண்டு கை தண்ணீர் தெளிக்கலாம்; பாசிப்பருப்புக்குப் பதிலாக வறுத்த நிலக்கடலையைக் கரகரப்பாகப் பொடித்துத் தூவு. ஓயாமல் கிண்டினால் உருண்டை உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், அடுப்பில் அதிகம் வைத்தால் கசக்கும். மூடி அதற்கும் வேண்டாம். கொத்தை இன்றிரவு ஒரு வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றி வை. காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிர்ந்துவிடும், உட்கார்ந்து உருவ வேண்டியதில்லை.

மேலூர் சித்தப்பா, பகல் 1:55
முருங்கையை நாளை மறுநாளுக்கு வைத்துக்கொள். நாளை அதிகாலை சந்தைக்கு வரும்போது வேரோடு பிடுங்கிய சிறுகீரை இரண்டு கட்டு உன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். சோழவந்தான் அக்கா சொன்ன கடைசலையும் சம்பந்தி ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

சோழவந்தான் அத்தை, பகல் 1:57
அப்படியானால் கீரைச்சட்டியும் மத்தும் நான் இன்று மாலைப் பேருந்தில் வரும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். சட்டியை இரவே தண்ணீரில் ஊற வைத்துவிடு.