சந்தை பேசுகிறவருக்கு மானியப் பசளை எதற்கு?

கல்லடியான்: தேத்தண்ணிக் கடையில் தினமும் இதே சண்டை. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்யும் மச்சான் ஒருவர், அரசு எதிலும் கை வைக்கக் கூடாது, எல்லாம் சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறார், ஆனால் மானியப் பசளை ஒரு கிழமை பிந்தினால் முதலில் கத்துவதும் அவர்தான். இவரோடு எப்படிப் பேசுவது?

வட்டைக்காரன்: தம்பி, அவருடைய வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 1949இல் அரசு தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம், அதன் பெரிய குளமான சேனாநாயக்க சமுத்திரம். சந்தை வெட்டிய வாய்க்காலா அது?

ஏறாவூர் காக்கா: சரி, மற்றப் பக்கம் மட்டும் சுத்தமா? 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடுதிப்பென்று தடுத்ததும் அரசுதானே, நவம்பரில் பின்வாங்கியும் பெரும்போக நெல் விளைச்சல் விழுந்துபோனது. அரசு செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்போது வாதாடிய என் நண்பரின் பிள்ளை படிப்பது தனியார் பள்ளியில்.

கல்லடியான்: இரண்டையும் கடையில் சொன்னேன் காக்கா. இரு கட்சியும் ஒன்றுசேர்ந்து எனக்கு ஏசியதுதான் மிச்சம், தேத்தண்ணிக் காசும் என் தலையில்.