மூன்று நாளில் நான்கு பியூஸ் போய்விட்டது: பழைய பைக், உடனே உதவி தேவை

மழைச்சாரல் (காலை 7.10)
வணக்கம். வண்டியில் பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று நாளில் நான்கு மாற்றிவிட்டேன். பேட்டரி புதிது, சென்ற வாரம்தான் போட்டேன். நாளை மறுநாள் நெடுந்தூரம் போக வேண்டும். என்ன பழுது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி (காலை 7.25)
என்ன வண்டி, எந்த ஆண்டு? 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பியூஸ் எத்தனை ஆம்பியர்? சாவி போட்டதும் போகிறதா, ஓடும்போது போகிறதா? போனவுடன் இஞ்சின் நிற்கிறதா? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

வளைவுப்பாதை (காலை 7.40)
ரெகுலேட்டர், அதாவது சார்ஜிங் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். சந்தேகமே வேண்டாம். என் வண்டியிலும் இப்படித்தான் தொடங்கியது. புதிய பேட்டரியையும் அது கெடுத்துவிடும், முதலில் மாற்றுங்கள்.

கிரீஸ்கை (காலை 7.52)
பின் விளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல்பு மாட்டும் குழிக்குள் மழைநீர் இறங்கித் துரு ஏறியிருக்கும். பழைய வண்டியில் பத்தில் ஐந்து பழுது மட்கார்டுக்கு அடியில்தான்.

பழையஇரும்பு (காலை 8.30)
தம்பி, பியூஸ் போவது நோயில்லை, அறிகுறி. இதை இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. பேட்டரியை மாற்றுவதற்கு முன் கேட்டிருந்தால் அந்தச் செலவாவது மிஞ்சியிருக்கும். பலவீனமான பேட்டரியால் விளக்கு மங்கும், ஹாரன் கம்மும். பியூஸ் போகாது.

வளைவுப்பாதைக்கு: ரெகுலேட்டர் கெட்டு மின்னழுத்தம் ஏறினால் பல்புகள் ஒவ்வொன்றாகக் கருகும், பேட்டரி சூடாகும். ரெக்டிஃபையர் (மாறுமின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக்கும் பாகம்) உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், பல வண்டிகளில் சாவி போடாமலே, பியூஸைச் செருகிய நொடியிலேயே போய்விடும். இரண்டு நாள் ஓடிவிட்டுப் போகாது. அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்வது வைத்தியம் அல்ல.

வளைவுப்பாதை (காலை 8.41)
என் அனுபவத்தைத்தான் சொன்னேன், ஐயா. அனுபவம் உங்களுக்கு மட்டுமே உரியது அல்லவே.

மழைச்சாரல் (மதியம் 1.05)
வேலையில் இருந்தேன், மன்னியுங்கள். 12 வோல்ட். ஓடும்போதுதான் போகிறது. இஞ்சின் நிற்பதில்லை. ஹெட்லைட்டும் எரிகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் ஒன்றாகப் போய்விடுகின்றன. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: பேட்டரியில் இஞ்சின் நிற்கும்போது 12.7 வோல்ட், ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினால் 14.1. பியூஸ் கண்ணாடிக் குழாய் வகை, கையில் கிடைத்ததைப் போட்டேன்.

செம்புக்கம்பி (மதியம் 1.20)
இப்போது வழி தெரிகிறது. 14.1 என்றால் சார்ஜிங் நன்றாகவே இருக்கிறது. ரெகுலேட்டரை விட்டுவிடலாம். இஞ்சினும் ஹெட்லைட்டும் தொடர்ந்து ஓடுவதால், அவற்றுக்கு மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து (இஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் பாகம்) நேராகப் போகிறது. பேட்டரியை நம்பியிருப்பவை மட்டுமே சாகின்றன. ஆகவே பழுது சாவி சுவிட்சைத் தாண்டி ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்குப் போகும் வயரில் எங்கோ இருக்கிறது.

போன பியூஸைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி நடுவில் மட்டும் இளகி அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால் அளவுக்குச் சற்று மேலான சுமை. கண்ணாடி முழுதும் கருத்து, உள்ளே வெள்ளிப் பூச்சுபோல் படிந்திருந்தால் நேரடி ஷார்ட்.

மழைச்சாரல் (மதியம் 1.32)
இரண்டு இருக்கின்றன. இரண்டும் கரி பிடித்ததுபோல் உள்ளன. கம்பியே தெரியவில்லை.

இரவுவண்டி (மதியம் 2.15)
பயணம் முக்கியம் என்றால் 20 ஆம்பியர் போட்டுக்கொண்டு போய்வாருங்கள், திரும்பி வந்து நிதானமாகப் பார்க்கலாம். வழியில் பியூஸ் கிடைக்காமல் சிகரெட் உறையின் வெள்ளித்தாளைச் சுற்றி இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழையஇரும்பு (மதியம் 2.24)
இதை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். யாராவது படித்துவிட்டுச் செய்துவிடப்போகிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது பல்பையோ ஹாரனையோ அல்ல, வயரை. 10 ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் பியூஸ் அறுக்காவிட்டால் வயரே பியூஸாகிவிடும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

இரவுவண்டி (மதியம் 2.31)
பயமுறுத்துகிறீர்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ வண்டிகளில் பியூஸே கிடையாது. அவையும் ஓடத்தான் செய்தன.

பழையஇரும்பு (மதியம் 2.45)
ஓடின. எரிந்தவையும் உண்டு. ஒருமுறை அப்படி வந்த ஒரு வண்டியின் இருக்கையைத் தூக்கினேன். ஒன்பது வயர்கள் ஒரே கறுப்பு உருண்டையாக ஒட்டிக்கிடந்தன. எது சிவப்பு, எது பச்சை என்று நகத்தால் சுரண்டினாலும் தெரியவில்லை. முழு வயரிங்கையும் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. ஓட்டிவந்த பையனின் தொடையில் கொப்புளம். ஒரு பியூஸுக்குப் பதில் அவன் ஆணியை வைத்திருந்தான்.

கிரீஸ்கை (மதியம் 3.00)
பின் விளக்கைப் பார்த்தீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

வளைவுப்பாதை (மதியம் 3.10)
14.1 என்றால் ரெகுலேட்டர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழையஇரும்பு ஐயா புதியவர்களிடம் பேசும் முறையை மாற்றிக்கொள்ளலாம். இப்படிப் பேசினால் யார் கேள்வி கேட்க வருவார்கள்? கேட்காமல் போனால் அவர்களும் ஆணியைத்தான் வைப்பார்கள்.

பழையஇரும்பு (மதியம் 3.40)
குரல் கடுமையாக இருந்தால் வருந்துகிறேன். சொன்ன செய்தியில் மாற்றமில்லை.

செம்புக்கம்பி (மாலை 4.05)
இழைக்குத் திரும்புவோம். மழைச்சாரல், இனி ஒரு பியூஸைக்கூட வீணாக்க வேண்டாம். பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, இரண்டு வயர் பற்றவைத்து, பியூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளிலும் மாட்டுங்கள். இஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போடுங்கள். ஹாரன், பிரேக் எதையும் தொடக் கூடாது. பல்பு எரியாமலோ, நியூட்ரல் விளக்கின் காரணமாக மிக மங்கலாகவோ இருக்க வேண்டும். எங்கே ஷார்ட் ஆனாலும் அது முழு வெளிச்சத்தில் எரியும். 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர். ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஓடும், வயர் சூடாகாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம்.

பிறகு பல்பைப் பார்த்துக்கொண்டே வயர்க் கட்டினை விரல் விரலாக அசைத்துக்கொண்டு வாருங்கள். பின் விளக்கு (கிரீஸ்கை சொன்னது நியாயமான இடம்), இருக்கைக்கு அடி, டேங்குக்கு அடி, கழுத்து (ஹேண்டில் திரும்பும் இடம்). ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: அண்மையில் வண்டியில் எதையாவது மாற்றினீர்களா?

மழைச்சாரல் (மாலை 4.50)
ஹேண்டில்பாரை மாற்றினேன், ஒரு மாதம் ஆகிறது. பழையது முதுகு வலி தந்தது, அதனால் உயரமானது போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், நான்கு முறையும் வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து வளைத்து எடுத்த பிறகுதான் போயிருக்கிறது.

பழையஇரும்பு (மாலை 4.58)
இதைக் காலை ஏழு மணிக்கே எழுதியிருக்கலாம்.

செம்புக்கம்பி (மாலை 5.02)
கழுத்தில் பாருங்கள். உயரமான ஹேண்டில் வயரை மேலே இழுத்துவிடும். தளர்வு போனால் திருப்பும்போதெல்லாம் உலோக விளிம்பில் உராயும். பல்புச் சோதனையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

மழைச்சாரல் (இரவு 9.15)
கிடைத்துவிட்டது. இடப்பக்கம் முழுதாகத் திருப்பியதும் பல்பு பளீரென்று எரிந்தது, நேராக்கினால் அணைந்தது. டேங்கைக் கழற்றிப் பார்த்தேன். பழுப்பு வயரின் தோல் அரிசி அளவுக்கு உரிந்து இரண்டு செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. எதிரே கழுத்து இரும்பில் நெருப்புப் பொறி பட்ட கறுப்புப் புள்ளிகள். டேப் சுற்றிவிட்டேன். எல்லாம் வேலை செய்கிறது. அனைவருக்கும் நன்றி.

கிரீஸ்கை (இரவு 9.30)
மகிழ்ச்சி. பின் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செம்புக்கம்பி (இரவு 9.41)
நல்ல செய்தி. ஆனால் டேப் மட்டும் நிற்காது. சூட்டில் பசை இளகி, அதே விளிம்பு அதையும் அறுத்துவிடும். உரிந்த இடத்தை வெட்டிப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். முடிந்தால் அந்த இடத்தில் ஒரு விரல் நீளம் கூடுதல் வயர் சேர்த்துத் தளர்வு கொடுங்கள். வயர்க் கட்டினை விளிம்பிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். டேங்கை மாட்டும் முன் இரு பக்கமும் பத்து முறை திருப்பிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர், கிளச் கேபிள்களும் அதே ஹேண்டிலால் இழுபட்டிருக்கும். முழுதாகத் திருப்பும்போது இஞ்சின் வேகம் தானாக ஏறினால் கிளம்பவே கூடாது.

செம்புக்கம்பி (மறுநாள் காலை 6.50)
மழைச்சாரல், இருக்கிறீர்களா? கையில் கிடைத்த பியூஸைப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். இப்போது வண்டியில் இருப்பது எத்தனை ஆம்பியர்?