கட்டை மூலையில் தினமும் இடிப்புதான், யோசனை சொல்லுங்கள்

மூன்றரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகள் 12 பேர் உள்ள வகுப்பு என்னுடையது. மரக்கட்டை மூலையில் யாராவது கோபுரம் எழுப்பினால் போதும், ஒரு பையன் ஓடி வந்து தள்ளிவிடுகிறான். கட்டிய பிள்ளை அழும், ஆட்டம் அதோடு சரி. விடுமுறை முடிந்ததிலிருந்து இதே கதை. அதுவும் விளையாட்டு நேரத்தின் கடைசிப் பகுதியில்தான்.

கோபமெல்லாம் இல்லை. சத்தம் வரும் என்று தெரிந்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் தள்ளுகிறான். எனக்கு அது பரிசோதனையாகத்தான் தெரிகிறது.

அவனுக்கென்று அட்டைப்பெட்டிகள் கொடுத்தேன். கொஞ்ச நேரம் இடித்துவிட்டு மறுபடி அடுத்தவர் கோபுரத்துக்கே போகிறான். தரையில் டேப் ஒட்டி எல்லை போட்டேன். “இடிக்கலாமா?” என்று கேட்கப் பழக்கினேன். கேட்கிறான், பதில் வருவதற்குள் இடித்தும் விடுகிறான்! சேர்ந்து கட்டச் சொன்னதும் எடுபடவில்லை. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் சொன்ன, அருகருகே இருந்தும் தனித்தனியாக ஆடும் கட்டத்தில்தான் பலரும் இருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் இடிப்பு நிற்கிறது, ஆனால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே கட்டுகிறார்கள்.

கட்டைகளை எடுத்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். சமநிலை, அளவு, எண்ணிக்கை எல்லாம் அங்கேதான் பிடிபடுகிறது.

நான் கூடவே உட்காராமல், இவனுடைய இடிக்கும் ஆசையையும் மற்றவர்கள் கட்டுவதையும் ஒரே மூலையில் எப்படி நடத்துவது?