ஸ்தோத்திரக் காணிக்கை கவர்ல நீங்க என்ன எழுதுனீங்க? உங்க அனுபவத்த சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கன்வென்ஷன்லயும் யூடியூப்லயும் பெரிய பெரிய அற்புத சாட்சி நிறைய கேக்குறோம், அதுக்காகவும் ஆண்டவருக்கு நன்றி. ஆனா நான் கேக்குறது வேற. ஒரு விசேஷமும் இல்லாத செவ்வாக்கிழமைல, அரிசி களையும்போதோ பஸ்ஸுக்கு நிக்கும்போதோ நன்றி சொல்லி, அப்படியே கொஞ்சம் கொஞ்சமா விசுவாசம் வளந்த அனுபவம் உங்களுக்கு இருந்தா இங்க எழுதுங்க. நானே ஆரம்பிக்கேன்.

எனக்கு நெல்லை பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கமிட்டில இருக்கதால ஆராதனை முடிஞ்சதும் காணிக்கை எண்ற வேலை என்கிட்ட தான். எங்க பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும், ஸ்தோத்திரக் காணிக்கை, அதாவது ஆண்டவருக்கு நன்றியா குடுக்குற காணிக்கை, அந்த கவர் மேல காரணத்த எழுதிப் போடுவாங்க, ஐயர் (எங்க சபை போதகர அப்படித்தான் சொல்லுவோம்) அத வாசிச்சு ஜெபிப்பாங்க. பெரும்பாலும் பிறந்தநாளுக்காக, திருமண நாளுக்காக, மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, இப்படித்தான் வரும். எங்க சபைல ஒரு பாட்டி உண்டு, தனியா இருக்காங்க. அவங்க கவர்ல எப்பவும் பத்து ரூபா தான் இருக்கும், மேல நடுங்குற கையெழுத்துல 'இந்த வாரம் ராத்திரி நல்லா தூங்கினேன் ஸ்தோத்திரம்'னு இருக்கும். இன்னொரு வாரம் 'கண்ணுக்கு மருந்து விட பக்கத்து வீட்டுப் பிள்ள வருது ஸ்தோத்திரம்'. ஐயர் அதையும் பெரிய காணிக்கைய வாசிக்கிற அதே குரல்ல நிறுத்தி நிதானமா வாசிப்பாங்க, எனக்கு அது ரொம்ப பிடிக்கும்.

நடுவுல அவங்க வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்துட்டாங்க. சரி இனி கவர் வராதுன்னு நெனச்சேன், ஆனா பேரன் கையில வந்துச்சு. 'இடுப்பு ஒடிந்தது. வலது கை நன்றாக இருக்கிறது, எழுத முடிகிறது, ஸ்தோத்திரம்.' அத கையில வச்சுக்கிட்டு எனக்கு அடுத்த கவர பிரிக்க முடியல. அன்னைக்கு சாயங்காலமே போய்ப் பாத்தேன், பாட்டி உங்களுக்கு இந்த மனசு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டே புட்டேன். "எய்யா, நான் கேட்டதுல பாதி வரல. வந்தத எழுதி வைக்கலைன்னா ஒண்ணுமே வரலன்னு நெனச்சிருவேன், வயசாயிட்டுல்லா, மறந்து போவு"ன்னாங்க. பைபிள்ல சங்கீதம் 103ல 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே'ன்னு சின்ன வயசுல இருந்து மனப்பாடமா சொல்லிட்டிருக்கோம், அத ஒரு மனுஷி வாழ்ந்து நான் பாத்தது அங்க தான்.

அதுல இருந்து நான் தினசரி காலண்டர் தாள கிழிச்சு போடுறதில்ல. பின்பக்கம் ராத்திரி ஒரு வரி எழுதி வைப்பேன். போன வருஷம் கம்பெனில ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்து தூக்கம் கெட்டப்போ அந்தக் கட்ட எடுத்து வாசிச்சேன். வேலை போகாதுன்னு அதுல எங்கயும் இல்ல. ஆனா இத்தன நாள் கைவிடாதவர் நாளைக்கு மட்டும் எப்படி விடுவாருன்னு ஒரு தைரியம் வந்துச்சு பாருங்க, அத தான் நான் விசுவாசம்னு சொல்லுதேன்.

பதில் (ஏரல் பக்கம்)

அண்ணே நல்ல கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுச்சு, தாமிரபரணி பொங்கி எங்க வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. மாடில ஏறி நின்னு உயிர் பொழச்சோம். தண்ணி வடிஞ்சு பாத்தா ஃப்ரிட்ஜு கவுந்து கெடக்கு, நெல்லு முளச்சு கெடக்கு, எல்லாத்து மேலயும் சேறு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் தான் இருக்கு. எங்கம்மா முதல்ல தேடுனது அவங்க பைபிள, கல்யாணத்துக்கு தாத்தா குடுத்தது. ஊறி பன்னு மாதிரி உப்பிப் போய் இருந்துச்சு. மாடில வெயில்ல வச்சு ஒவ்வொரு தாளா ஊசியால பிரிச்சாங்க, சில தாள் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிச்சு, இன்னும் அப்படியே தான் இருக்கு.

அந்த கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு யார்ட்டயும் புதுத் துணி இல்ல, நிவாரணத்துக்கு வந்த சட்டைய போட்டுட்டு போனோம். பாட்டு ஆரம்பிச்சதும் பாதிப் பேரு அழுதுட்டாங்க. எனக்கு அப்ப நன்றி சொல்ல வாய் வரல, உள்ளதச் சொல்லுதேன். ஆனா ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்துல மாட்டி நின்னுச்சுல்லா, கிட்டத்தட்ட 800 பேரு, அவங்களுக்கு மேலூர் புதுக்குடி ஊர்க்காரங்க தங்களோட வீட்டுலயும் வெள்ளம் இருக்கும்போதே சமைச்சுப் போட்டாங்களே, அந்த செய்திய கேட்டப்ப தான் எனக்கு உள்ள ஏதோ இளகுச்சு. அவங்க நம்ம சபை ஆளுக இல்ல. ஆண்டவர் யார் கைல இருந்து வேணாலும் சோறு குடுப்பாருன்னு தெரிஞ்சுகிட்டேன். அந்த ஊர்க்காரங்களுக்காக இப்பவும் எங்க வீட்டு ஜெபத்துல ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

பதில் (துபாய்ல இருந்து)

இங்க ஒரே வளாகத்துல பல பாஷை சபைங்க மணிக்கணக்கு போட்டு மாறி மாறி ஆராதனை நடத்துறோம், எங்களுக்கு முன்னாடி மலையாளம், பின்னாடி வேற பாஷை. நான் நர்ஸ், நைட் ட்யூட்டி முடிச்சு அப்படியே வந்து பின் பெஞ்ச்ல உக்காருவேன். பிள்ளைங்க ஊர்ல அம்மாகிட்ட. மெட்ரோல வரும்போது ஸ்தோத்திர பலி (ஒவ்வொண்ணா சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்ற ஜெபம்) சொல்லிட்டு வருவேன், புஸ்தகத்துல இருக்கிறது இல்ல, அன்னைக்கு வார்டுல நடந்தத வச்சு. மூணாவது பெட்டுக்கு காய்ச்சல் எறங்குச்சு ஸ்தோத்திரம், சின்னவ போன்ல சிரிச்சா ஸ்தோத்திரம்னு. ஸ்டேஷன் வர்றதுக்குள்ள முடியாது. அவ்ளோ இருக்கு.

பதில் (சாயர்புரம் பக்கத்து அக்கா)

தம்பி, எங்க வீட்டுல கைப்பிடி அரிசி இன்னும் உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து தனிச் சட்டில போட்டுறணும், மாசக் கடைசில சபைக்கு. மாமியார் காலத்துல கஞ்சிக்கே கஷ்டமா இருந்தப்பவும் அத நிறுத்தலன்னு சொல்லுவாங்க. 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாங்க பாருங்க, வெள்ளாளன்விளைல பிறந்த அசரியா அதுல முன்னால நின்னவரு, அவரு தான் பின்னால 1912ல இந்தியர்கள்ல முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனாரு. நம்ம ஊரு ஏழை சனங்களோட காசுல தான் தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்கு ஊழியக்காரர அனுப்புனாங்க. மிசோரம்லயும் இதே மாதிரி நூறு வருஷத்துக்கு மேல அரிசி எடுத்து வைக்காங்களாம், ஐசால்ல வேலை பாத்துட்டு வந்த என் தம்பி சொன்னான். அரிசிய எடுக்கும்போது நான் நெனைக்கது ஒண்ணு தான், எடுத்து வைக்க இன்னைக்கும் சட்டில அரிசி இருக்கே ஆண்டவரே. அதுக்கு மேல எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது தம்பி.

பதில் (பெயர் வேண்டாம்)

எல்லாம் வாசிச்சேன். எனக்கு இதுல ஒரு வலி இருக்கு, சொல்லலாமான்னு யோசிச்சு தான் எழுதுறேன். கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம், குழந்தை இல்ல. சாட்சி நேரத்துல 'கர்ப்பத்தின் கனி தந்தார்'னு யாராவது சொன்னா எல்லாரும் அல்லேலூயா சொல்லும்போது எனக்கு தொண்டை அடைக்கும். அவங்க மேல கோபம் இல்ல. எனக்கு கவர்ல எழுத ஒண்ணும் இல்லையேன்னு இருக்கும். எனக்கு கைகொடுத்தது பைபிள்ல ஆபகூக் புஸ்தகம் தான், 'அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்'னு ஆரம்பிச்சு, திராட்சை இல்ல, ஒலிவம் இல்ல, தொழுவத்துல மாடு இல்லன்னு இல்லாதத எல்லாம் ஒளிக்காம ஒவ்வொண்ணா சொல்லிட்டு தான் 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்'னு வருது. இல்லாதத இல்லன்னு அவர்கிட்ட சொல்லிட்டு நன்றி சொல்லலாம்னு புரிஞ்சப்போ தான் எனக்கு மறுபடி ஜெபிக்க வந்துச்சு. போன மாசம் கவர் போட்டேன். 'என் கணவர் ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை, ஸ்தோத்திரம்.'

பதில் (பதிவு ஆரம்பிச்ச நெல்லைக்காரன்)

தங்கச்சி, உங்க பதிவ என் மனைவியும் வாசிச்சா, உங்களுக்காக தினமும் ஜெபிக்கேன்னு சொல்லச் சொன்னா. சாட்சி நேரத்துல இன்னும் பதில் வராம காத்திருக்கிறவங்களும் பேச இடம் வேணும்னு எங்க ஐயர்கிட்ட இந்த வாரமே கேக்கப் போறேன். வேற யார் சபைலயாவது அப்படி வழக்கம் இருக்கா? இருந்தா எப்படி நடத்துறீங்கன்னு எழுதுங்க, கமிட்டில எடுத்துச் சொல்ல எனக்கு உதவியா இருக்கும்.