பர்மா பிரதமர் ஊ நூ கடைசியில் என்ன ஆனார்?

செவ்வாய்ப்பேட்டை பேத்தி:
எங்கள் ஆயா 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த வருடம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று ராணுவ அரசு அறிவித்ததில் தாத்தாவின் சேமிப்பு முழுக்க வெறும் காகிதமாகிவிட்டது. இன்றைக்கும் சேலத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஊ நூ இருந்திருந்தா நாம ஏன் இங்க வரப் போறோம்" என்கிறார். அவரைக் கொன்றுவிட்டார்களா? ஆயா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஏற்காடு அடிவாரம்:
கொல்லவில்லைங்க. 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும் சிறை, 1966-ல் விடுதலை. 1969-ல் வெளியேறி, சட்டப்படி தானே பிரதமர் என்று லண்டனில் அறிவித்தார். தாய்லாந்து எல்லையில் படை திரட்டியும் பலிக்கவில்லை. அப்புறம் நம் நாட்டில்தான், போபாலில், அடைக்கலம். 1980-ல் பொதுமன்னிப்பில் ஊர் திரும்பினார்.

அம்மாப்பேட்டை வாசகன்:
எனக்கு மனசு ஆறாதது பர்மாவின் முதல் குடியரசுத் தலைவர் சாவ் ஷ்வே தைக் கதைதான். 1962-ல் கைது செய்ய வந்த இரவே அவர் மகனைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் அதே வருட நவம்பரில் சிறையிலேயே இறந்தார்.

செவ்வாய்ப்பேட்டை பேத்தி:
படித்துக் காட்டினேன். போபால் என்றதும் ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரயில்ல போயி ஒரு தடவ பாத்திருக்கலாமே சாமி!" திரும்பிப் போனவரை நிம்மதியாக விட்டார்களா?

ஏற்காடு அடிவாரம்:
இல்லை. 1988-ல் ராணுவ ஆட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சியில், போட்டியாக ஓர் இணை அரசு அறிவித்தார். அதற்காக 1992 வரை வீட்டுக்காவல். 1995-ல் ரங்கூனிலேயே காலமானார்.