பழைய ஜீப்புக்கு கியர் பெட்டி மாத்தினவங்க, உங்க கதையைப் போடுங்க

போடிக்காரன்:
தாத்தா காலத்து சிஜே3பி ஜீப்பு. அதுல பியூஜோ டீசல் இன்ஜின் மாட்டினப்பவே 3 கியர் டி90 பெட்டியைக் கழட்டிட்டு 4 கியர் போட்டாச்சு. மவுண்டிங் அடிச்சது, ஆக்சிலுக்கு இழுவை கொண்டு போற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டினது எல்லாம் இங்க எல்லாரும் பட்ட பாடுதான், அதை விடுங்க.

மாத்தி பதினோராவது நாள், கொழுக்குமலை ஏறிக்கிட்டு இருக்கேன். பக்கத்து சீட்டுல அப்பா. எதிர்ல ரெண்டு ஜீப்பு சவாரி ஏத்திக்கிட்டு இறங்குது. ஒதுங்கணும்னா மூஞ்சியைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, பின்னாடி எடுத்து மேட்டோட ஒட்டணும். டி90 ஓட்டினவங்களுக்குத் தெரியும்: ரிவர்ஸ் இடது மேல, ஒண்ணாங் கியர் இடது கீழ. எத்தனை வருசமா கை அங்கதான் போகுது. அன்னைக்கும் போச்சு. புதுப் பெட்டியில இடது மேல இருக்கிறது ஒண்ணாங் கியர்.

கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாத்துக்கிட்டே கிளட்ச்சை விட்டேன். முதல்ல கேட்டது கல்லு உருள்ற சத்தம். சின்னக் கல்லு, ரொம்ப நேரம் உருண்டுச்சு. அப்பா கத்தலை. என் வலது தொடையில கையை வச்சு அமுக்கினாரு, பிரேக்கை மிதிடான்னு. இறங்கிப் பாத்தா முன் டயருக்கும் விளிம்புக்கும் நடுவுல என் செருப்பை நீளவாட்டுல வைக்க இடம் இல்லை.

கியர் நாப் மேல நம்பர் பளிச்சுன்னு இருந்துச்சு. நாப்பைப் பாத்து யாரு ஓட்டுறா?

மஸ்கட் 80:
அந்தக் கல்லு சத்தம் எனக்கே கேட்ட மாதிரி இருக்கு. என் கதையிலயும் ஒரு சத்தம்தான் ஆறலை.

1994 லேண்ட் க்ரூஸர் 80, 4.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். மணல்ல ஏறும்போது அதுவா கியர் மாத்தி மூச்சு வாங்கும், சூடாகும். வெறுத்துப் போயி மேனுவலுக்கு எச்151எஃப் பெட்டி தேடினேன். ஷார்ஜா பழைய சாமான் கடையில பெட்டி, ஃப்ளைவீல், பெடல் செட், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் எல்லாம் ஒரே வண்டியில இருந்து கிடைச்சுது. வாதி கபீர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன்.

பெட்டியைத் தூக்கிச் சொருகுறாங்க. கிளட்ச்சை மூடுற பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல அரை இஞ்ச் இடைவெளி. அதுக்கு மேல உள்ள போகலை. "போல்ட்டைப் போட்டா தானா இழுத்துக்கும் அண்ணே"ன்னாரு மெக்கானிக். தப்புன்னு எனக்குத் தெரியும். கிளட்ச் பிளேட் நடுவுல உக்காந்திருந்தா கையால தள்ளினாலே உள்ள போயிரணும். தெரிஞ்சும் வாயைத் திறக்காம டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது வாசல்ல இருந்தே கேட்டுச்சு, முறுக்கு உடைஞ்ச மாதிரி ஒரு 'டக்'. அலுமினிய ஹவுசிங்ல போல்ட் மாட்டுற ஒரு காது போச்சு.

கழட்டினப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. கிராங்க் கடைசியில பைலட் பேரிங் போடவே இல்லை. ஆட்டோமேட்டிக்ல அந்தக் குழியில, கிளட்ச்சுக்குப் பதிலா இருக்கிற டார்க் கன்வெர்ட்டரோட மூக்கு உக்காரும், பேரிங்குக்கு வேலை இல்லை. மேனுவல்ல இன்புட் ஷாஃப்ட் நுனிக்கு அதுதான் பிடி. காது உடையாம பூட்டியிருந்தா அது இல்லாமலே ஓட்டியிருப்பேன். அதுக்காக உடைஞ்சது நல்லதுன்னு சொல்ல மனசு வரலை, ஹவுசிங் விலை அப்படி.

ஸ்பேனர் 14:
ரெண்டு பேருக்கும் வருத்தம்தான், ஆனா தவிர்த்திருக்கலாம். நான் மாருதி ஜிப்ஸி 410ல 4 கியரை எடுத்துட்டு ஜிப்ஸி கிங்கோட 5 கியர் போட்டேன். ஒண்ணும் ஆகலை.

மஸ்கட் நண்பரே, பிளேட்டை சென்டர் பண்ண டம்மி ஷாஃப்ட் வேணும். உடைஞ்ச பெட்டியோட இன்புட் ஷாஃப்ட் காயலான் கடையில கிடைக்கும், அதுவே போதும். ஆட்டோமேட்டிக்ல ஃப்ளைவீலுக்குப் பதிலா இருந்த ஃப்ளெக்ஸ் பிளேட்டோட பழைய போல்ட்டை ஃப்ளைவீலுக்குப் போட்டுறாதீங்க, பல வண்டியில அது நீளம் குறைவு, மரை ரெண்டு சுத்துதான் பிடிக்கும். அப்புறம் ஆட்டோமேட்டிக் பெட்டியில இருந்த நியூட்ரல் சுவிட்ச் ஒயர். அதைச் சேத்து விடலைன்னா ஸ்டார்ட்டர் சுத்தாது, பேட்டரி போச்சுன்னு புது பேட்டரி வாங்குவீங்க. ரிவர்ஸ் லைட் ஒயரையும் அப்பவே புதுப் பெட்டி சுவிட்சுக்கு இழுத்துருங்க.

போடி நண்பரே, என்ன ஆயில் ஊத்தினீங்க? சொல்லவே இல்லையே. 90 ஆயில்னு கேட்டா கடைக்காரர் ஜிஎல்-5 எடுத்துக் குடுப்பாரு. அது ஆக்சில்ல இருக்கிற கிரவுனுக்கு. கியர் பெட்டியில, பல்லு கடிக்காம கியர் விழ வைக்கிற சிங்க்ரோ வளையம் பித்தளை, ஜிஎல்-5ல இருக்கிற கந்தகச் சரக்கு அதை அரிக்கும். ஜிஎல்-4 கேட்டு வாங்கணும். குட்டை சேஸ்ல பெட்டி நீளமானா பின் ஷாஃப்ட் குட்டையாகும், கோணம் ஏறும், ஷாஃப்ட் மூட்டுல இருக்கிற கிராஸ் அடிக்கடி போகும். ஷாஃப்ட்டை ஒட்டினதோட விடாம பேலன்ஸ் பண்ணினீங்களா? ஆர்சி புக்ல டீசல் ஏத்தினீங்களா? இன்ஜின் நம்பர் அதுல இருக்கும், பெட்டி நம்பர் இருக்காது.

போடிக்காரன்:
அண்ணே, பள்ளத்துல விழப் பாத்தேன்னு சொல்றேன், என்ன ஆயில்னு கேக்குறீங்க. ஜிஎல்-4தான். ஆர்சியும் சரியா இருக்கு. ஜிப்ஸியில முன் பின் ஆக்சிலுக்கு இழுவை பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டி தனியா தொங்கும், நடுவுல குட்டி ஷாஃப்ட். பெட்டியை மட்டும் கழட்டி மாட்டலாம். அதான் உங்களுக்கு ஒண்ணும் ஆகலை.

ஸ்பேனர் 14:
சுலபம்னு யார் சொன்னது? கிராஸ் மெம்பர்ல வெல்டிங் பண்ணினேன்.

தேயிலைத் தூசி:
சண்டை வேணாம். நம்மது இலங்கையில மஸ்கெலியா. பெரியப்பா தோட்டத்துல லேண்ட்ரோவர் ஓட்டினவரு, சீரிஸ் 2ஏ. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் சிங்க்ரோ கிடையாது, கிளட்ச்சை ரெண்டு தரம் மிதிச்சு நடுவுல ஆக்சிலேட்டர் குடுத்துத்தான் இறக்கணும். வயசாகிருச்சு, முழங்கால் நோவுதேன்னு நானே சீரிஸ் 3 பெட்டி தேடிப் போட்டேன், நாலுக்கும் சிங்க்ரோ. கூட்டிட்டுப் போனேன். அதே ரெண்டு மிதி, அதே ஆக்சிலேட்டர். "பெரியப்பா, ஒரு மிதி போதும்"னேன். "மலைக்குச் சொல்லிட்டு இறங்கணும்டா"ன்னுட்டு மறுபடியும் ரெண்டு மிதிச்சாரு. கோபமா, பகிடியா, இப்பவும் தெரியலை. போன மாசியில இறந்துட்டாரு.

மஸ்கட் 80:
போடி, உங்க அப்பா அப்புறம் என்ன சொன்னாரு?

போடிக்காரன்:
மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லலை. டீ குடிச்சு முடிச்சு கிளாஸை வச்சிட்டு, "பழைய பெட்டி எங்க கிடக்கு?"ன்னு கேட்டாரு. ஷெட்டுலன்னு சொல்லிட்டேன். காயலான் கடையில கிலோ கணக்குல போட்டு மூணு நாள் ஆகியிருந்துச்சு. யாருகிட்டயாவது நல்ல டி90 பெட்டி இருந்தா சொல்லுங்க, அவசரம்.